நான்கு மூட்டை மணல்

முல்கியாவில் பெயர் மாறப் பதினைந்து நிமிடம்.
கவுண்டரில் இருந்த பெண்
இரண்டு முறை சொடுக்கினாள்,
மீதிச் சில்லறையைத் தள்ளினாள்,
அடுத்த டோக்கனை அழைத்தாள்.
பதினோரு வருடம் நான் ஏறி இறங்கிய
ஆறு சக்கர டீசல்
மர்ஹூனுடையதாகிவிட்டது.

அவர் டயரை உதைத்துப் பார்க்கவில்லை.
பானெட்டில் உள்ளங்கை வைத்து
காய்ச்சல் பார்க்கிற மாதிரி கொஞ்ச நேரம் நின்று
'ஜாமூஸ்' என்றார்.
எருமை.
மலைமேல் ஆடுகளுக்குத் தண்ணீர் ஏற்றப் போகிறாராம்.
அந்த ஒரு சொல்லுக்காக விலையில் ஐந்நூறு குறைத்தேன்.
வீட்டில் சொல்லவில்லை.

ஏன் விற்றாய் என்று சனையாவில் எல்லோரும் கேட்டார்கள்.
கோர் கவேர் குவாரிக்குக்
கம்பியில் கரண்ட் வந்துவிட்டது;
ஒன்றரை டன் ஜெனரேட்டரை இழுத்துப் போய்
விடிய விடிய வெல்டிங் அடிக்க ஆள் தேவையில்லை.
பிச்சைக்கனி மிஷினைப் பிரித்துக்கொண்டு சலாலா போனான்.
எனக்கு மிஞ்சியது
வில்லாக்களின் தண்ணீர் மோட்டார், கேட்டுக் கீல்,
ஒரு மேடம் வீட்டுக் கிளிக்கூண்டு.
கிளிக்கூண்டைப் பற்றவைக்க
எருமையில் போய் இறங்கினேன் ஒரு நாள்.
வாட்ச்மேன் கேட்டைத் திறக்காமலே கேட்டான்:
'வீட்டை இடிக்கவா வந்திருக்கீங்க?'

புதியது வெள்ளை. பெட்ரோல். நாலே சக்கரம்.
இரண்டு கோட்டுக்கு நடுவில் அடங்கி நிற்கிறது.
பள்ளிவாசல் பின் சந்தில் ஒரே திருப்பில் திரும்புகிறது.
இறங்கக் குதிக்க வேண்டாம்,
கால் தானாகத் தரையைத் தொடுகிறது;
முழங்கால் முதல் நாளே சம்மதித்துவிட்டது.

கைதான் இன்னும் சாவியைப் பாதி திருப்பிக் காத்திருக்கிறது.
சுருள் விளக்கு அணைய வேண்டும்,
ஒன்று, இரண்டு, மூன்று.
இதில் சுருள் விளக்கே கிடையாது.
அந்த மூன்று எண்ணிக்கைக்குள்தான்
பிச்சைக்கனி சீட்டைப் பின்னால் தள்ளிக் கண்ணை மூடுவான்,
நான் இந்த மாதம் யாருக்கெல்லாம் பணம் தர வேண்டும் என்று
மனசுக்குள் ஓட்டிப் பார்ப்பேன்.
இப்போது நினைக்க நேரம் தராமல்
வண்டி சட்டென்று பிடித்துக்கொள்கிறது.

பங்க்கில் ஷோஹாக் இரண்டு தடவை
டீசல் குழாயை எடுத்துவிட்டான்.
'பாய், பெட்ரோல்!' என்று நான் கத்த,
தப்பு செய்து பிடிபட்ட பையன்கள் மாதிரி
இருவரும் சிரித்தோம்.

போன மாதம்,
அல் ஜசீராவுக்கு அப்பால் அந்த உப்புத் தரவை.
நான்கு வருடம் முன்பு எருமை அச்சுவரை புதைந்து
ஓர் இரவையும் ஒரு கிரேன் வாடகையையும் தின்ற இடம்.
சுற்றிப் போகத்தான் ஸ்டீயரிங்கை ஒடித்தேன்.
பிறகு என்னவோ, நேராக விட்டேன்.
மேலோடு அப்பளம் போல் முனகியது,
உடையவில்லை.
அக்கரையில் நிறுத்தித் திரும்பிப் பார்த்தேன்.
எருமையின் இரண்டு பள்ளமும்
உப்பு நிரம்பி அப்படியே கிடந்தன.
என் தடம், யாரோ
கைதவறிச் சிந்திய கோலமாவு அளவு.
பெருமைப்படுவதா வெட்கப்படுவதா தெரியாமல்
போட்டோ எடுத்துப் பிச்சைக்கனிக்கு அனுப்பினேன்.
ஒரு கட்டைவிரல் வந்தது.

குறை ஒன்றுதான்.
பின்னால் பாரமில்லாமல் வேகத்தடையில் தூக்கிப் போடுகிறது,
ஷமால் காற்றில் வால் அலைகிறது.
'நாலு மூட்டை மணல் போடு' என்றார் டயர் கடை குல்சமான்.
எடை குறைய வேண்டும் என்று காசு கொடுத்து வாங்கியதில்
எடை ஏற்றினேன்.
இந்த ஊரில் மணலுக்கா பஞ்சம்.

இன்று ராம்ஸ் தாண்டிக் கண்ணாடியில் பார்த்தால்
மூட்டை ஒன்றில் ஓட்டை.
டெயில்கேட் இடுக்கில்
நூலாக இறங்கிக்கொண்டிருந்தது மணல்.
கயிறு சீட்டுக்கடியில்தான் இருக்கிறது.
அடுத்த ரவுண்டபவுட்டில் நிறுத்திக் கட்டலாம் என்று விட்டேன்.
அதற்கடுத்ததும்
தாண்டியாயிற்று.